காமிக்ஸ் பற்றி எழுதும் பெண்களுக்கு மட்டும் அப்படி என்ன தனி அனுபவம்?

"என் தங்கைக்கு காமிக்ஸ், சூப்பர்ஹீரோ படம், வீடியோ கேம் பற்றியெல்லாம் இணையத்தில் எழுத ஆசை. பெண்கள் இதை எழுதினால் மோசமாகத் தாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் ஆண்களுக்கும் திட்டு விழத்தானே செய்கிறது? இதில் பெண்களுக்கென்று தனியாக என்ன இருக்கிறது? அவளை எழுதச் சொல்லலாமா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினைந்து வருடமாக நான் எழுதிக்கொண்டிருப்பது இதைத்தான். கொஞ்சம் காசுக்கு, பெரும்பாலும் சும்மா. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திட்டு எல்லாருக்கும் விழுகிறது என்பது உண்மைதான். ஒரு சூப்பர்ஹீரோவின் உடுப்பில் நிறம் மாறினாலே ஒப்பாரி வைக்கிற கூட்டம் எங்களுடையது. ஆண் விமர்சகர்களும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு ஆண் "இந்த இதழ் சுமார்" என்று எழுதினால் "உனக்கு ரசனை கிடையாது" என்று பதில் வரும். அதையே ஒரு பெண் எழுதினால் "நீ முதலில் காமிக்ஸ் படிப்பாயா?" என்று வரும். முதலாவது சண்டை. சண்டை போடலாம், அதில் ஒரு சுவாரசியம்கூட உண்டு. இரண்டாவது நுழைவுத் தேர்வு.

என் முதல் நீண்ட கட்டுரையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சண்டைக் காட்சியில் கட்டங்களை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதியிருந்தேன். இரண்டு பக்கக் காட்சி. கண் இடமிருந்து வலமாகப் போகும்போது குத்து எங்கே விழுகிறது என்பதே தெரியவில்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் அது தொலைந்துபோகிறது என்பதுதான் நான் சொன்னது. முதல் பதில் வந்தது: "இந்தக் கதாபாத்திரம் முதன்முதலில் எந்த இதழில் வந்தது, சொல்லு பார்ப்போம்." சொன்னேன். வரைந்தவர் யார் என்று அடுத்த கேள்வி. சொன்னேன். ஐந்தாவது கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன பிறகு, "விக்கிபீடியாவைப் பார்த்துச் சொல்கிறாய்" என்று முடித்துவிட்டார். அந்தக் குத்து எங்கே போனது என்று கடைசிவரை ஒருவரும் பேசவில்லை.

அதன் விளைவு என் எழுத்தில் இறங்கியது. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் எழுதியதை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் இதழ் எண், வருடம், மை தீட்டியவர் பெயர். கட்டுரையா, ரேஷன் கார்டா என்று சந்தேகம் வரும். யாராவது வந்து கேட்பதற்கு முன்பே என் தகுதிச் சான்றிதழை எடுத்து நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பல பெண்களின் முதல் சில வருட எழுத்து இப்படித்தான் மூச்சுத் திணறிக் கிடக்கிறது.

இந்தத் தேர்வுக்கு 2012-ல் ஒரு பெயரே வந்துவிட்டது: "போலி கீக் பெண்". கீக் என்றால் காமிக்ஸ், கேம் மாதிரி விஷயங்களில் ஊறிப்போனவர். ஆண்களின் கவனத்துக்காகத் தனக்குப் பிடிக்காததைப் பிடித்த மாதிரி நடிப்பவள் என்று பொருள். அந்த வருடம் ஒரு காமிக்ஸ் ஓவியரே காமிக்-கான் என்ற ரசிகர் விழாவுக்குக் கதாபாத்திர வேடமிட்டு வரும் பெண்களைப் பற்றி இந்தத் தொனியில் பொரிந்து தள்ளினார். எனக்கு இன்றுவரை புரியாத ஒன்று இருக்கிறது. ஒருவருக்குப் பிடித்த மாதிரி நடிக்க வேண்டும் என்றால் முந்நூறு இதழ்களைப் படிப்பதைவிட எளிதான வழி எத்தனையோ இருக்கிறதே.

இதில் வேடிக்கை என்னவென்றால், நுழைவுச் சீட்டு கேட்கிற இந்த வீட்டின் அடித்தளத்தைப் போட்டவர்களில் பெண்களும் உண்டு. அமெரிக்க காமிக்ஸ் ரசிகர்கள் கையால் தயாரித்துத் தபாலில் அனுப்பிய ஆரம்பகாலச் சிற்றிதழ்களில் ஒன்று 1961-ல் வந்த 'காமிக் ஆர்ட்'. அதை நடத்தியவர்கள் டான் தாம்ப்ஸனும் மேகி தாம்ப்ஸனும். மேகி 1983-லிருந்து 'காமிக்ஸ் பையர்ஸ் கைட்' இதழின் ஆசிரியர் பொறுப்பில் இருந்தார், கணவர் இறந்த பிறகும் தொடர்ந்தார். 2013-ல் இதழே நின்றது. அறிவியல் புனைவுப் பக்கம் போனால் கதை இன்னும் தெளிவு. 1967-ல் வந்த 'ஸ்பாக்கனாலியா', அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் டிரெக்கின் முதல் ரசிகர் இதழ். அதைக் கொண்டுவந்தது டெவ்ரா லாங்சாம், ஷெர்னா கமர்ஃபோர்ட் என்ற இரு பெண்கள். அந்தத் தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கடிதம் எழுதும் இயக்கத்தை முடுக்கிவிட்டு மூன்றாவது பருவத்துக்குக் கொண்டுபோனதில் பீஜோ டிரிம்பிளின் பங்கு பெரியது. நம்ப முடியாத அளவுக்கு எல்லாம் கைவந்தவள் என்ற பொருளில் "மேரி சூ" என்று இன்று எந்தப் பெண் கதாபாத்திரம் கொஞ்சம் திறமை காட்டினாலும் தூக்கி எறிகிறார்களே, அந்தச் சொல்லை உண்டாக்கியதும் ஒரு பெண்தான். 1973-ல் பாலா ஸ்மித், ரசிகர்கள் எழுதும் ஸ்டார் டிரெக் கதைகளைக் கிண்டல் செய்து எழுதிய குட்டிக் கதையின் நாயகி, பதினைந்தரை வயது லெப்டினன்ட் மேரி சூ. பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ள வைத்த பெயர், நாற்பது வருடம் கழித்து அவர்கள் தலையிலேயே கல்லாக விழுந்தது. 2011-ல் ஒரு தளம் அதே பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அப்படியானால் "பெண்கள் காமிக்ஸ் படிப்பதில்லை" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்குக் காரணம் பெரும்பாலும் விற்பனை முறை. 1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவில் காமிக்ஸ் பத்திரிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் எல்லார் கண்ணிலும் படும்படி விற்றது. 1947-ல் 'யங் ரொமான்ஸ்' வந்து சக்கைப்போடு போட்டபோது அதை வாங்கியவர்களில் பெண்கள் ஏராளம். 1970-களில் நேரடி விற்பனை முறை வந்தது. பதிப்பகத்திடமிருந்து காமிக்ஸ் கடைக்குப் பிரதிகள் நேராகப் போகும், விற்காததைத் திருப்பித் தர முடியாது. திருப்பித் தர முடியாத சரக்கை வாங்கி வைப்பவர், ஏற்கெனவே வருகிற வாடிக்கையாளருக்குப் பிடித்ததைத்தான் வாங்குவார். வந்துகொண்டிருந்தவர்கள் சூப்பர்ஹீரோ பிடித்த பையன்கள். கடை அவர்களுக்காக மாறியது, இதழ்கள் கடைக்காக மாறின, பெண்கள் அலமாரிக்குப் பக்கத்திலேயே போக முடியாமல் ஆனது. பிறகு அதையே சாட்சியாகக் காட்டி "பார், அவர்கள் வாங்குவதில்லை" என்றார்கள். ஜப்பானிய காமிக்ஸான மாங்காவும் ரைனா டெல்கமையர் எழுதி வரைந்த 'ஸ்மைல்' போன்ற புத்தகங்களும் சாதாரணப் புத்தகக் கடைகளுக்கு வந்ததும் சிறுமிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். 'ஸ்மைல்' 2010-ல் வந்தது. அலமாரியை நகர்த்தியதும் வாசகி வந்துவிட்டாள்.

சரி, எழுத்துக்கு வருகிறேன்.

இணையத்தில் இந்தப் பேச்சின் தொடக்கம் என்று நான் எப்போதும் காட்டுவது 1999-ஐ. கெய்ல் சிமோன் அப்போது முடி திருத்தும் தொழிலில் இருந்த ஒரு ரசிகை. 1994-ல் வந்த 'கிரீன் லேன்டர்ன்' 54-ஆம் இதழில் நாயகன் வீட்டுக்கு வந்து பார்த்தால் அவன் காதலி கொல்லப்பட்டு ஃபிரிட்ஜுக்குள் கிடப்பாள். அவள் சாவுக்குக் கதையில் ஒரே வேலை, அவனுக்குக் கோபம் வர வேண்டும். சிமோன் இதைப் போலக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் கதாபாத்திரங்களைப் பட்டியல் போட்டு 'விமன் இன் ரெஃப்ரிஜரேட்டர்ஸ்' என்று ஒரு பக்கம் ஆரம்பித்தார். யாரையும் வசைபாடவில்லை. பட்டியலைப் படைப்பாளர்களுக்கே அனுப்பி "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, வந்த பதில்களையும் அதே பக்கத்தில் போட்டார். கோபித்தவர்களும் இருந்தார்கள், யோசித்தவர்களும் இருந்தார்கள். ஆண் ஹீரோக்களும் சாகிறார்களே என்று ஒரு வாதம் வந்தது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் பழைய பலத்தோடு எழுந்து வந்துவிடுகிறார்கள், பெண்கள் அப்படி வருவதில்லை என்று அதற்கு ஒரு பதிலும் வந்தது. அந்த ஃபிரிட்ஜ் இன்று சினிமா விமர்சனத்தில்கூடக் கலைச்சொல். சிமோன் பிறகு நகைச்சுவைப் பத்தி எழுதினார், அதன் வழியே கதை எழுதப் போனார், 'பேர்ட்ஸ் ஆஃப் பிரே', 'வொண்டர் வுமன்' என்று பெரிய தொடர்களை வருடக்கணக்கில் எழுதினார். விமர்சனம் எழுதினால் வாய்ப்பு போய்விடும் என்று உங்கள் தங்கையிடம் யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் இன்னும் பிடித்தது கண்ணாடிப் பெட்டி விவகாரம். பேட்மேனின் உதவியாளன் ராபின் என்பது ஒரு பதவி மாதிரி, ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஜேசன் டாட் என்ற ராபின் செத்தபோது அவன் உடுப்பைப் பேட்மேன் தன் குகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நினைவாக வைத்தார். 2004-ல் ஸ்டெஃபனி பிரவுன் கொஞ்ச நாள் ராபினாக இருந்து, சித்திரவதைப்பட்டுச் செத்தாள். அவளுக்குப் பெட்டி இல்லை. 2006-ல் ரசிகைகள் ஒரு தளமே ஆரம்பித்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: "அவளுடைய பெட்டி எங்கே?" அவள் உண்மையில் ராபின் கணக்கிலேயே வரமாட்டாள் என்கிற ரீதியில் பதில்கள் வந்தன. ரசிகைகள் இதழையும் பக்கத்தையும் எடுத்துக் காட்டினார்கள். கேள்வி கேட்ட பெண்களுக்குத் தொடரின் வரலாறு விரல் நுனியில் இருந்தது, பதில் சொன்ன இடத்தில்தான் தடுமாற்றம். கடைசியில் 2008-ல் அவள் சாகவே இல்லை என்று கதையைத் திருப்பினார்கள், 2009-ல் அவளே பேட்கேர்ள் ஆனாள். ரசிகைகளின் நச்சரிப்பால்தான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் பெட்டி கேட்டவர்களுக்கு ஆளே திரும்பக் கிடைத்தாள்.

2011-ல், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் தன் தொடர்களையெல்லாம் ஒன்றாம் எண்ணிலிருந்து புதிதாகத் தொடங்குவதாக, 52 தலைப்புகளை அறிவித்தது. படைப்பாளர்களில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வருடம் சான் டியேகோ காமிக்-கானில் பேட்கேர்ள் உடுப்பில் வந்த ஒரு ரசிகை டிசியின் பல அரங்குகளில் எழுந்து பெண்கள் எங்கே என்று கேட்டார். மேடையிலிருந்து "யாரைச் சேர்க்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று எரிச்சலாகப் பதில் வந்தது. அரங்கில் சிலர் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். சில நாளில் நிறுவனம் "கேட்டுக்கொண்டோம், கூடுதல் பெண்களைச் சேர்ப்போம்" என்று அறிக்கை விட்டது. மறு வருடம் இணையத்தில் ஓவியர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். இதழ் அட்டையில் நாயகி முதுகெலும்பு ஒடிகிற மாதிரி முறுக்கி நிற்பாள் இல்லையா, அந்த நிற்கும் விதத்தில் ஹாக்ஐ என்ற ஆண் ஹீரோவை அப்படியே வரைந்து போட்டார்கள். விளக்கமே தேவைப்படவில்லை. நான் பத்துப் பக்கம் எழுதி நிரூபிக்கப் பார்த்ததை ஒரே படத்தில் முடித்துவிட்டார்கள் என்று பொறாமைப்பட்டது நினைவிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு மிக நேரடியான பதில் ஜனெல் ஆஸ்லின் விவகாரத்தில் இருக்கிறது. 2014 ஏப்ரலில் 'டீன் டைட்டன்ஸ்' முதல் இதழின் அட்டைப்படம் வெளியானது. ஆஸ்லின் அதை விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் வெளியாளும் இல்லை. டிசி நிறுவனத்திலேயே பேட்மேன் இதழ்களின் ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தவர். அட்டைகளைத் திருத்தி அனுப்புவதே தொழிலாக இருந்தவர். கட்டுரையும் அப்படித்தான் இருந்தது. நடுவில் நிற்கிற வொண்டர் கேர்ள் பதின்பருவப் பெண், அவள் மார்பை வரைந்திருப்பது உடற்கூற்றுக்கே பொருந்தவில்லை. மற்ற கதாபாத்திரங்களின் அமைப்பு குழப்பம். கார்ட்டூன் பார்த்து இந்தப் பெயரைத் தெரிந்துகொண்ட புதிய வாசகர்களை இந்த அட்டை இழுக்காது. வேலை தெரிந்தவர் இன்னொருவரின் வேலையைப் பார்த்துச் சொன்ன கருத்து, அவ்வளவுதான்.

பதிலுக்கு, தொழிலில் இருந்த ஆட்கள் சிலரே அவருடைய தகுதியைக் கேள்வி கேட்டார்கள். அதே சமயத்தில் காமிக்ஸ் உலகில் நடக்கும் பாலியல் தொல்லை பற்றி ஆஸ்லின் ஒரு கணக்கெடுப்பும் நடத்திக்கொண்டிருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுவதற்காக அதில் விட்டிருந்த இடத்தில், பாலியல் வன்முறை செய்வோம் என்று அவருக்கே மிரட்டல்களை எழுதி வைத்தார்கள். ஓர் அட்டைப்படத்தில் ஓவியம் சரியில்லை என்று சொன்னதற்கு. கட்டுரை வெளியிட்ட தளத்தின் உரிமையாளர் அந்த மாத இறுதியில் தன் விவாதக் களத்தை மொத்தமாக மூடி, புதிய விதிகளோடு முதலிலிருந்து தொடங்கினார். நல்ல முடிவுதான். ஆனால் அந்தக் களம் அதற்கு முன் எத்தனை வருடம் அப்படியே நடந்துகொண்டிருந்தது, எத்தனை பேர் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

வீடியோ கேம் பக்கம் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது என்பதால் அதுதான் எல்லாருக்கும் தெரியும். கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று காணொளித் தொடர் செய்ய அனிடா சர்கீசியன் 2012-ல் பொதுமக்களிடம் 6,000 டாலர் கேட்டார். தொடர் வருவதற்கு முன்பே தாக்குதல் ஆரம்பித்துவிட்டது. அவர் படத்தை முகத்தில் குத்துகிற மாதிரி ஒரு கேமே செய்தார்கள். அந்த ஆத்திரத்தில் ஆதரவாளர்கள் கொடுத்தது 1,58,000 டாலருக்கு மேல். 2014 ஆகஸ்டில் கேமர்கேட் என்று பெயர் பெற்ற இணையத் தாக்குதல் வெடித்தது. ஒரு பெண் கேம் உருவாக்குநர் தன் கேமுக்கு ஒரு பத்திரிகையாளரிடம் நல்ல விமர்சனம் வாங்கத் தவறான வழியில் போனார் என்பது அதன் ஆரம்பக் குற்றச்சாட்டு. அந்தப் பத்திரிகையாளர் அப்படி ஒரு விமர்சனம் எழுதவே இல்லை. இல்லாத விமர்சனத்துக்காக மாதக்கணக்கில் வேட்டை. அந்த அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சர்கீசியன் பேச இருந்த கூட்டத்துக்குத் துப்பாக்கிச் சூடு மிரட்டல் வந்தது. அரங்குக்குள் ஆயுதம் கொண்டுவருவதைத் தடுக்க மாநிலச் சட்டம் இடம் தராது என்று தெரிந்ததும் அவர் கூட்டத்தை ரத்து செய்தார்.

2017-ல் நடந்தது சின்ன விஷயம். மார்வல் நிறுவனத்தில் எடிட்டராக இருந்த ஒரு பெண், உடன் வேலை பார்க்கும் பெண்களோடு மில்க் ஷேக் குடிக்கிற படத்தைப் போட்டார். அறுபதுகளில் அதே அலுவலகத்தைக் கட்டிக் காத்த ஃப்ளோ ஸ்டைன்பெர்க் அந்த வாரம்தான் இறந்திருந்தார், அவர் நினைவாக. அந்தப் படத்துக்கும் வசை கொட்டியது. அதில் எந்தக் கருத்தும் இல்லை, மில்க் ஷேக் மட்டும்தான் இருந்தது. "அப்படி எழுதாமல் இருந்திருந்தால் திட்டு வாங்கியிருக்க மாட்டாய்" என்று எனக்கு அறிவுரை சொல்கிறவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் அனுப்புவேன்.

கறுப்பினப் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் இதன் அளவே வேறு. ஒரே கட்டுரைக்கு இரண்டு, மூன்று பக்கமிருந்து அடி வரும். அவர்களுக்கு ஆதரவாக நிற்கிறோம் என்கிற எங்கள் பக்கத்திலிருந்தும் சில சமயம் வரும். 'பிளாக் கேர்ள் நெர்ட்ஸ்' தளத்தை 2012-ல் ஜேமி பிராட்நாக்ஸ் தொடங்கியதற்கு ஒரு காரணம், தன்னைப் போன்றவர்களுக்கு இணையத்தில் பெரிதாக இடம் இல்லாததுதான்.

இவ்வளவும் வெளியே தெரிகிற பகுதி. மிரட்டல் செய்தியாகும், தலைப்பில் வரும். தினமும் நடப்பது அப்படி நாடகமாக இருக்காது, வெறும் சலிப்பாக இருக்கும். காலையில் எழுந்து கமென்ட்டுகளைத் துடைப்பது. ஒரே ஆள் நான்கு பெயரில் வருகிறானா என்று பார்ப்பது. கட்டுரைக்குக் கிடைத்த காசு இரண்டு மணி நேர உழைப்புக்கு. அதன் அடியில் குப்பை பொறுக்குவதற்கு ஒரு வாரம். எருமைத் தோல் வேண்டும் என்பார்கள். எருமைக்குக்கூட மழை நின்ற பிறகு கொஞ்சம் உலர்வதற்கு நேரம் கிடைக்கும்.

இதைவிட நயமான ஒரு பொறி இருக்கிறது, அதை வைப்பது நல்லவர்கள். தளங்களின் ஆசிரியர்கள் நம் எழுத்தைப் பார்த்து அழைப்பார்கள். முதல் வேலை: "இந்தப் படத்தில் பெண் கதாபாத்திரங்கள் பற்றி எழுதுங்கள்." சரி. அடுத்தது: "புதிய வொண்டர் வுமன் பற்றி ஒரு பெண்ணின் பார்வையில்." அதுவும் சரி. பதினொன்றாவது வேலையிலும் "பெண்ணின் பார்வை" தான். மை தீட்டும் நுட்பம், வண்ணம், எழுத்துருக்கள், பதிப்பகக் கணக்கு வழக்கு இதெல்லாம் ஆண்களுக்குப் போகும். நான் ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு ஓவியரின் நிழல் பயன்பாடு பற்றிக் குறிப்பெடுத்து ஓர் ஆசிரியரிடம் கொண்டுபோனேன். "அருமை, இதில் பெண்கள் கோணம் என்ன?" என்று கேட்டார். நிழலுக்கு ஏது கோணம்? விளக்கு எங்கே இருக்கிறதோ அதுதான் கோணம். கட்டுரை வரவில்லை. இப்படி ஒதுக்கிய வேலையைத்தான் பெண்கள் எழுதுகிறார்கள், பிறகு "பெண்கள் எப்போது பார்த்தாலும் இதையேதான் எழுதுகிறார்கள்" என்ற புகாரும் வருகிறது. அலமாரிக் கதைதான் மறுபடியும்.

சிலர் பெயரை மறைத்துத் தப்பிக்கிறார்கள். முதலெழுத்து மட்டும் போடுவது பழைய வித்தை. ஸ்டார் டிரெக்குக்குக் கதை எழுதிய டி.சி. ஃபொன்டானாவின் பெயர் டோரதி. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரின் எழுத்தில் மறுக்க முடியாத ஆண்தன்மை இருக்கிறது என்று 1975-ல் ராபர்ட் சில்வர்பெர்க் ஒரு முன்னுரையே எழுதினார். 1977-ல் ஊருக்குத் தெரிந்தது, டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண். நானும் ஒரு வருடம் பால் தெரியாத புனைபெயரில் எழுதிப் பார்த்தேன். இதழ் எண் கேட்டு ஒருவர்கூட வரவில்லை. கட்டுரைகள் சுமார்தான், ஆனால் எல்லாரும் கட்டுரையைப் பற்றிப் பேசினார்கள். அந்த வருடம் நன்றாகத் தூங்கினேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

பெயரை மறைக்காமல் வேறு வழி தேடியவர்கள் சொந்தமாக இடம் கட்டினார்கள். 2007-ல் ரசிகர் கதைகளை வைத்துப் பணம் பண்ண ஒரு நிறுவனம் இறங்கியபோது, பெரும்பாலும் பெண்களாக இருந்த அந்த எழுத்தாளர்கள் சேர்ந்து லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்றைத் தொடங்கி, நன்கொடையில் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' களஞ்சியத்தைக் கட்டினார்கள். 2009-ல் திறந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்கள் அதற்காகவே கற்றுக்கொண்டார்கள். 2019-ல் அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருது வாங்கியது. விமர்சனப் பக்கத்தில் 'விமன் ரைட் அபவுட் காமிக்ஸ்' தளம் 2020-ல் காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருது வாங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் எழுதுவதில் எனக்குப் பிடித்தது விருதைவிடச் சாதாரணமான ஒன்று: கட்டுரையைத் திருத்துகிறவர் "இந்த மூன்றாவது பத்தி இழுக்கிறது" என்பார். அவ்வளவுதான். மூன்றாவது பத்தியைப் பற்றிப் பேசுவார். இந்த இடங்களிலும் குழாயடிச் சண்டை உண்டு, புதிதாக வரும் பெண்ணுக்குத் தேர்வு வைக்கிற பெண்களும் உண்டு. அது வேறு கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

உங்கள் தங்கைக்கு என் யோசனை. எழுதட்டும். வீடு, கல்லூரி, அன்றாடம் போகும் வழி எதையும் எழுத்திலும் படத்திலும் காட்ட வேண்டாம். கமென்ட்டுகளை மூடி வைத்து ஆரம்பிக்கலாம், அதில் எந்தக் கோழைத்தனமும் இல்லை. மிரட்டல் வந்தால் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கட்டுரை வெளியாகும் முதல் இரண்டு நாள் அவளுக்கு வரும் செய்திகளை நீங்கள் படியுங்கள், அவள் படிக்க வேண்டாம். நல்லதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். எனக்கு என் தோழி ஒருத்தி இதைச் செய்தாள், அவள் இல்லையென்றால் நான் இரண்டாம் வருடமே நிறுத்தியிருப்பேன். இதழ் எண் கேட்டு யாராவது வந்தால் பதில் சொல்ல வேண்டாம். தெரிந்திருந்தாலும்.

இன்னொன்று. உங்கள் கேள்வியை மூன்று முறை படித்துவிட்டேன். தாக்குவார்களா, தாங்குவாளா, எழுதலாமா என்று எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அவள் எந்தக் கதையைப் பற்றி எழுதப்போகிறாள் என்று மட்டும் சொல்லவில்லையே?